சட்டம் அடைத்த கதவும் தவ்பாவின் கதவும்

2025ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதக் கடைசியில் ஓர் இரவு. இஷாத் தொழுகை முடிந்து ஜமாஅத்தார் கலைந்து சென்ற பின்னரும், ஓர் இளைஞர் மட்டும் பள்ளியின் பின் தூணோரம் அமர்ந்திருந்தார். மோதினார் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைக்கத் தொடங்கிய பிறகுதான் எழுந்து என்னருகே வந்தார்.

"ஹஜ்ரத், ஒரு மஸ்அலா கேட்க வேண்டும்" என்றார்.

"கேளுங்கள் தம்பி" என்றேன்.

"கைப்பேசியில் பணம் வைத்துப் போக்கர் ஆடிக்கொண்டிருந்தேன். புதுச் சட்டம் வந்ததும் கம்பெனிக்காரர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள். வெளிநாட்டுத் தளங்கள் இருக்கின்றன, அங்கே போய் ஆடலாம், ஆடுகிறவனுக்குத் தண்டனை கிடையாது என்று கூட்டாளிகள் சொல்கிறார்கள். நான் இதுவரை நாலரை லட்சம் இழந்திருக்கிறேன். உம்மாவின் நகையும் அதில் போய்விட்டது. வாப்பாவுக்கு இன்னும் தெரியாது. இழந்ததை மட்டும் எடுத்துவிட்டு, அப்புறம் தொடவே மாட்டேன். கூடுமா ஹஜ்ரத்?"

கூடாது என்று ஒரே சொல்லில் விடை கூறி அவரை அனுப்பியிருக்கலாம். ஆனால் சூது ஹராம் என்பதை அறியாமலா அவர் வந்தார்? குர்ஆன் ஓதிய பிள்ளை, ஐவேளை இல்லாவிட்டாலும் ஜும்ஆ தவறாத பிள்ளை. சட்டம் ஆட்டத்தை நிறுத்திவிட்டது. இனி நான் எங்கே போவது என்பதே அவர் கேள்வியின் உட்பொருள். அந்தக் கேள்வி அவர் ஒருவருடையது அன்று. நம் மஹல்லாக்களில் இன்று எத்தனையோ வீடுகளில் வாய்விட்டுச் சொல்லப்படாமல் நிற்கும் கேள்வி அது. ஆகவே அவருக்குச் சொன்னதையும், அன்று சொல்லத் தோன்றாமற் போனதையும் சேர்த்து இங்கு எழுதுகிறேன்.

சட்டம் வந்த வழி

போக்கர் என்பது சீட்டாட்டத்தில் ஒரு வகை. ஒவ்வொருவர் கையிலும் மறைவாகச் சில சீட்டுகள்; பெருவழக்கான முறையில் நடுவே அனைவருக்கும் பொதுவாக ஐந்து சீட்டுகள். தன் கை உயர்ந்த கை என்று காட்டிப் பணத்தை ஏற்றிக்கொண்டே போவதும், எதிராளியை அஞ்சி விலகச் செய்வதுமே ஆட்டம். முன்னர் மனமகிழ் மன்றங்களின் மேசைகளில் இருந்த இது, கைப்பேசியின் வழியே படுக்கையறைக்குள் நுழைந்தது.

நம் தமிழகத்தில் சூதாட்டத்தை அடக்கும் சட்டம் 1930ஆம் ஆண்டிலிருந்தே உண்டு. நேரில் கூடி ஆடும் சூதாட்ட வீடுகளுக்காக எழுதப்பட்ட அச்சட்டம் கைப்பேசி ஆட்டத்தைத் தடுக்கப் போதவில்லை. கடன்பட்டு உயிரை மாய்த்துக்கொண்டோரின் செய்திகள் அடுத்தடுத்து வரவே, 2020 நவம்பரில் தமிழக அரசு ஓர் அவசரச் சட்டம் பிறப்பித்தது. 2021 பிப்ரவரியில் அது சட்டமாயிற்று. அவ்வாண்டு ஆகஸ்ட் 3ஆம் நாள் சென்னை உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது. பின்னர் ஓய்வுபெற்ற நீதியரசர் கே. சந்துரு தலைமையில் 2022இல் ஒரு குழு அமைந்தது. அதன் அறிக்கையைத் தொடர்ந்து மீண்டும் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. ஆளுநர் அதைத் திருப்பி அனுப்ப, பேரவை மறுபடியும் நிறைவேற்ற, 2023 ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. அதே ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம் அச்சட்டத்தை ஏற்றது; எனினும் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்களின் பட்டியலில் சேர்த்ததை மட்டும் நீக்கியது. 2025 பிப்ரவரியில் வந்த தமிழக விதிகள், நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை பண ஆட்டங்களில் நுழையக் கூடாதென்றன.

அதன் பிறகே நாடு முழுமைக்குமான சட்டம் வந்தது. 2025 ஆகஸ்ட் 20ஆம் நாள் மக்களவையிலும், மறுநாள் மாநிலங்களவையிலும் நிறைவேறி, 22ஆம் நாள் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. இணையவழிப் பண ஆட்டத்தை நடத்துவோருக்கு மூன்றாண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம்; விளம்பரம் செய்வோருக்கு இரண்டாண்டு வரை சிறை, ஐம்பது லட்சம் ரூபாய் வரை அபராதம்; அதற்கான பணப் பரிமாற்றத்தைச் செய்து கொடுப்போருக்கும் தண்டனை. ஆனால் ஆடியவருக்கு அச்சட்டத்தில் தண்டனை இல்லை. அவர் பாதிக்கப்பட்டவர் என்பதே அரசு கூறிய விளக்கம். சட்டத்தை எதிர்த்து உயர் நீதிமன்றங்களில் தொடரப்பட்ட வழக்குகளை 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தன்னிடம் மாற்றிக்கொண்டது.

நீதிமன்றங்கள் எதை நிறுத்தினாலும் எதை நீக்கினாலும், நம் முன் நிற்கும் வினா வேறு. கடைக்காரனின் கதவைச் சட்டம் அடைத்திருக்கிறது. வாடிக்கையாளனின் கையை அது கட்டவில்லை. தண்டனை இல்லாத இடத்தில் நிறுத்தப்பட்ட அந்த மனிதர் என்ன செய்யப் போகிறார்? மூன்று வழிகள் அவர் முன் இருக்கின்றன.

முதல் வழி: வாதம்

"இது திறமை ஆட்டம், சூதன்று" என்பது முதல் வழி. இவ்வாதம் வெறும் வாய்ச்சொல்லும் அன்று. ரம்மி பெரும்பாலும் திறமையைச் சார்ந்தது என்று உச்ச நீதிமன்றம் 1967இல் கூறியது. குதிரைப் பந்தயத்தையும் திறமையின் பாற்பட்டது என 1996இல் கூறியது. போக்கரில் கணக்கும் நினைவாற்றலும் எதிராளியின் மனமறியும் கூர்மையும் வேண்டும் என்பதை மறுப்பதற்கில்லை. நாட்டின் சட்டம் திறமையையும் அதிர்ஷ்டத்தையும் நெடுங்காலம் இரு தட்டுகளில் வைத்து நிறுத்தது.

ஆனால் ஷரீஅத்தின் தராசு வேறு. சதுரங்கத்தை எண்ணிப் பாருங்கள். அதில் பகடை இல்லை, மறைத்து வைத்த சீட்டு இல்லை, இரு படைகளும் கண்ணெதிரே நிற்கின்றன, முழுவதும் அறிவே. எனினும் ஆடும் இருவரும் பணயம் வைத்து, வென்றவர் தோற்றவரின் பணத்தை எடுத்துக்கொள்வது என்று ஆடினால், அது சூது என்றே ஃபிக்ஹு நூல்கள் சொல்கின்றன. சதுரங்கம் ஆடுவதைப் பற்றி இமாம்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. பணயம் வைத்து ஆடுவதைப் பற்றி இல்லை. ஏனெனில் அங்கே நோக்கப்படுவது ஆட்டத்தில் எத்தனை பங்கு அறிவு என்பதன்று. ஒருவரின் இழப்பே மற்றவரின் ஊதியமாக அமைகிறதா என்பதே. வியாபாரத்தில் வாங்கியவனுக்குப் பண்டம் கிடைக்கிறது. விற்றவனுக்கு விலை கிடைக்கிறது. இங்கே ஒருவன் வெறுங்கையோடு எழுந்தால்தான் மற்றவன் மடி நிறையும்.

2025ஆம் ஆண்டுச் சட்டமும் திறமை, அதிர்ஷ்டம் என்ற பிரிவினையை விட்டுவிட்டது. திறமையாயினும், அதிர்ஷ்டமாயினும், இரண்டும் கலந்ததாயினும், பணம் கட்டிப் பணம் வெல்லும் நோக்குடைய ஆட்டம் ஆட்டமே என்று அது சொல்கிறது. இதைக் கொண்டு நாம் பெருமை பேசுவதற்கு ஒன்றுமில்லை. நம்மிடம் இந்தத் தராசு பதினான்கு நூற்றாண்டுகளாக இருந்தும், நம் பிள்ளைகளும் அந்த மேசையில்தானே அமர்ந்திருந்தார்கள்?

அவ்வாதத்துக்குத் துணையாக இன்னொன்றும் சொல்லப்படுகிறது. இத்தொழிலால் வேலைவாய்ப்பு உண்டு. 2023 அக்டோபர் முதல் தேதியிலிருந்து, ஆடுவோர் கட்டும் பணத்துக்கு நூற்றுக்கு 28 வீதம் வரி கிடைத்ததே என்கிறார்கள். பயன் இல்லை என்று திருமறையும் கூறவில்லை. அல்பகரா அத்தியாயத்தின் 219ஆம் வசனம், மதுவிலும் சூதிலும் மக்களுக்குச் சில பயன்கள் உண்டென்பதை ஒப்புக்கொண்டே, அவற்றின் பாவம் பயனை விடப் பெரிது என்று தீர்ப்பளிக்கிறது. அறியாமைக் காலத்து அரபிகள் அம்புகளைக் குலுக்கி ஒட்டக இறைச்சியைப் பங்கிட்டார்கள். வென்றவர் தம் பங்கைத் தாம் உண்ணாமல் ஏழைகளுக்குக் கொடுப்பதைக் கொடைச் சிறப்பாகக் கருதினார்கள் என்று விரிவுரையாளர்கள் எழுதுகின்றனர். ஏழையின் வயிற்றை நிரப்பிய அந்தச் சூதையே இஸ்லாம் விலக்கியது. வரி தரும் சூதுக்கு மட்டும் விலக்களிக்குமா?

இரண்டாம் வழி: சுற்றுப்பாதை

இரண்டாவது வழியே என்னிடம் வந்த இளைஞருக்குக் கூட்டாளிகள் காட்டியது. தன் ஊரை மறைத்து வேறு நாட்டிலிருந்து வருபவன் போலக் காட்டும் வி.பி.என். என்னும் ஏற்பாட்டைப் பூட்டிக்கொண்டு, பணத்தை யாரோ ஒரு தரகன் மூலமோ மின்னணு நாணயமாகவோ அனுப்பி, அயல்நாட்டுத் தளத்தில் ஆடுவது.

தடை வந்ததும் எல்லை தாண்டுவது நமக்குப் புதிதன்று. 2003ஆம் ஆண்டு தமிழகத்தில் லாட்டரிச் சீட்டு விற்பனை தடை செய்யப்பட்டது. அன்றாடக் கூலியில் பாதியைச் சீட்டுக்குக் கொடுத்த எத்தனையோ குடும்பங்கள் அதனால் மூச்சு விட்டன. அதே வேளையில், எல்லையோர ஊர்களிலிருந்து கேரளத்துக்குப் பேருந்தேறிச் சீட்டு வாங்கியவர்களும் உண்டு; மூன்று எண் சீட்டை மறைவில் வாங்கி ஏமாந்தவர்களும் உண்டு. தடையால் கடை குறைந்தது. ஆசையைத் தேடிச் சென்று அறுக்கும் ஆற்றல் தடைக்கு இல்லை.

அயல்நாட்டுத் தளத்தை நம்பியவர்களின் கதை அமெரிக்காவில் நடந்து முடிந்திருக்கிறது. சட்டத்துக்குப் புறம்பான இணையச் சூதாட்டத்துக்கு வங்கிகள் பணம் கடத்தக் கூடாது என்று அந்நாட்டில் 2006ஆம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. சில நிறுவனங்கள் விலகின; வேறு சில, நாட்டுக்கு வெளியே இருந்துகொண்டு அமெரிக்கர்களை ஆடவிட்டன. சட்டம் நம்மை என்ன செய்துவிடும் என்று ஆடுவோரும் பணத்தை அங்கேயே வைத்திருந்தார்கள். 2011 ஏப்ரல் 15, ஒரு வெள்ளிக்கிழமை, பெரிய போக்கர் தளங்களை அமெரிக்க அரசு முடக்கியது. அவற்றுள் ஃபுல் டில்ட் என்னும் தளம் உலகெங்கும் ஆடுவோருக்குத் தர வேண்டியது ஏறத்தாழ 39 கோடி டாலர். வங்கியில் அதனிடம் இருந்ததோ ஏறத்தாழ 6 கோடி டாலர்தான் என்று அரசு வழக்கறிஞர்கள் அவ்வாண்டு செப்டம்பரில் குற்றம் சாட்டினர். அமெரிக்க ஆட்டக்காரர்களின் கைக்குப் பணம் திரும்பத் தொடங்கியது 2014 பிப்ரவரியில். அரசு தலையிட்டு, இன்னொரு பெரிய நிறுவனம் கோடிக்கணக்கில் கட்டியதால் அதுவாவது நடந்தது. இன்று மறைவழியில் பணம் அனுப்பும் நம் பிள்ளை ஏமாற்றப்பட்டால், எந்தக் காவல் நிலையத்தில் போய் எதைச் சொல்லி மனுக் கொடுப்பான்?

உலகக் கணக்கு இவ்வாறிருக்க, மார்க்கத்தின் கணக்கு இதனினும் நுட்பமானது. அல்அஃராஃப் அத்தியாயத்தில், கடலோரத்தில் வாழ்ந்த ஒரு சமூகத்தாரின் வரலாறு வருகிறது. சனிக்கிழமை மீன் பிடிப்பது அவர்களுக்கு விலக்கப்பட்டிருந்தது. அன்றைக்கென்றே மீன்கள் நீர்மட்டத்தில் திரண்டு வந்தன. அவர்கள் முதல் நாளே வலை விரித்து வைத்து, சனிக்கிழமை சிக்கிய மீன்களை மறுநாள் எடுத்துக்கொண்டார்கள் என்று விரிவுரையாளர்கள் விளக்குகின்றனர். கட்டளையின் சொல்லை அவர்கள் மீறவில்லை என்றே வாதிட்டிருப்பார்கள். ஆயினும் இறைவனின் கோபத்துக்கு ஆளானார்கள். "ஆடுகிறவனுக்குத் தண்டனை இல்லை" என்ற சட்டத்தின் கருணையை, ஆடுவதற்கு அனுமதியாக மாற்றிக்கொள்பவரின் வலையும் அத்தகையதே அல்லவா?

இழந்ததை எடுக்க முடியுமா?

"இழந்ததை மட்டும் எடுத்துவிட்டு விட்டுவிடுகிறேன்" என்ற சொல் இருக்கிறதே, சூதாடியை ஆண்டுக்கணக்கில் கட்டிப்போடும் கயிறு அதுதான். அதைச் சற்று அவிழ்த்துப் பார்ப்போம்.

போக்கரில் தளம் நடத்துபவன் ஆடுவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் திரண்ட பணத்திலிருந்து ஒரு பங்கைத் தனக்கென எடுத்துக்கொள்கிறான். எட்டுப் பேர் ஆளுக்கு ஆயிரம் ரூபாய் வைத்து உட்கார்ந்தால் மேசையில் எட்டாயிரம். சுற்றுக்கு நூற்றுக்கு ஐந்து வீதம் அவன் எடுப்பதாக வைத்துக்கொண்டால், பணம் கைமாறும் ஒவ்வொரு தடவையும் மேசை இளைக்கிறது. விடியும் வரை ஆடினால் எட்டுப் பேரின் கைகளிலும் சேர்ந்து இருக்கும் தொகை எட்டாயிரத்தை விடக் குறைவாகத்தான் இருக்கும். திறமைசாலி ஒருவன் மிகுதியாக எழுந்திருக்கலாம். எண்மரையும் ஒருசேரப் பார்த்தால் அவர்கள் தோற்றவர்களே.

அந்த இளைஞரிடம் கேட்டேன்: "தம்பி, உம்முடைய நாலரை லட்சம் இப்போது எங்கே இருக்கிறது?"

விழித்தார்.

"அதில் ஒரு பகுதி கம்பெனிக்காரனிடம் போய்விட்டது. மற்றது, உம்மைப் போலவே பெயர் தெரியாத எத்தனையோ பேரிடம் போயிற்று. அவர்களும் அதை வேறெங்கோ இழந்திருப்பார்கள். இன்றிரவு புதிய மேசையில் உம்மெதிரே அமரப் போகிறவன் உம் பணத்தை எடுத்தவன் அல்லன். அவன் வேறொருவன். அவனுக்கும் ஓர் உம்மா இருப்பாள். அவளுக்கும் கழுத்தில் ஏதோ இருந்திருக்கும். நீர் எடுக்க நினைப்பது உம் பணத்தையன்று, தம்பி. அவன் வீட்டுப் பணத்தை."

அவர் தலை குனிந்தார். நெடுநேரம் பேசவில்லை.

மூன்றாம் வழி: திரும்புதல்

மது விலக்கப்பட்ட செய்தி மதீனாவில் அறிவிக்கப்பட்டபோது நிகழ்ந்ததை அனஸ் (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். அபூதல்ஹா (ரலி) அவர்களின் இல்லத்தில் விருந்தினருக்கு மது ஊற்றிக் கொண்டிருந்தவர் அவரே. வீதியில் அறிவிப்பாளரின் குரல் கேட்டது. இருந்ததைக் குடித்து முடித்து நாளை முதல் விடுவோம் என்று எவரும் கூறவில்லை. மது வீதியில் ஊற்றப்பட்டு ஓடியது. அநாதைகளுக்கு வாரிசுச் சொத்தாக வந்த மது இருக்கிறதே, அதைக் காடியாக்கிக் கொள்ளலாமா என்று அபூதல்ஹா அவர்கள் கேட்டபோதுகூட, அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அனுமதிக்கவில்லை. அநாதையின் இழப்பையும் பொருட்படுத்தாத விலக்கு அது. அந்த விலக்குக் கூறப்பட்ட அல்மாயிதாவின் 90ஆம் வசனத்தில் மதுவோடு சேர்த்தே சூதும் சொல்லப்பட்டிருக்கிறது. அடுத்த வசனம் அவ்விரண்டாலும் விளையும் பகையையும், இறைநினைவும் தொழுகையும் தடைப்படுவதையும் சுட்டி, இனியேனும் விலகுவீர்களா என்று கேட்கிறது. இழந்தது இழந்ததுதான் என்று மனம் ஒப்புக்கொள்ளும் இடத்திலிருந்தே அவ்வினாவுக்கு விடை தொடங்குகிறது.

தவ்பா என்பது கன்னத்தில் போட்டுக்கொள்வதன்று. இமாம் நவவி (ரஹ்) அவர்கள் எடுத்துரைக்கும் நிபந்தனைகள் தெளிவானவை: பாவத்தை விட்டு விலகுதல், செய்ததற்கு வருந்துதல், இனிச் செய்வதில்லை என்று உறுதி பூணுதல், பிறர் உரிமை கலந்திருந்தால் அதைத் திருப்பிக் கொடுத்தல். இந்நான்கையும் போக்கர் ஆடியவரின் வாழ்க்கையில் வைத்துப் பார்ப்போம்.

விலகுதல் என்றால் செயலியை நீக்குவது மட்டுமன்று. ஆட்டத்துக்கென்றே அமைந்த கைப்பேசிக் குழுக்களிலிருந்து வெளியேற வேண்டும். சில காலத்துக்கேனும் வங்கிக் கணக்கை வீட்டில் நம்பிக்கையான ஒருவரின் கண்பார்வையில் வைக்க வேண்டும். கைப்பேசி இரவில் கூடத்தில் இருக்கட்டும்.

வருந்துதலும் உறுதியும் உள்ளத்தின் வேலை. எனினும் ஒன்று சொல்வேன். சூதின் பிடி சிலருக்கு நோயாகவே முற்றிவிடுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலும் அது இடம்பெற்றிருக்கிறது. மருத்துவரிடம் செல்வது ஈமானின் குறைவன்று. மருந்து தேடுவது சுன்னத்து. மனநலத்துக்கென மத்திய அரசு நடத்தும் டெலி மானஸ் உதவி எண் 14416. அதில் தமிழிலும் பேசலாம்.

பிறர் உரிமை என்பது மூன்று வகைப்படும். முதலாவது, கடன். யாரிடம் எவ்வளவு என்று ஒரு தாளில் முழுமையாக எழுத வேண்டும். மறைத்து வைத்த ஒரு கடனே மறுபடியும் மேசைக்கு இழுக்கும். இரண்டாவது, வென்ற பணம். கையில் இருப்பின் அது தனக்குரியதன்று. உரியவர் தெரிந்தால் அவரிடம் கொடுக்க வேண்டும். தெரியாதவிடத்து, நன்மையை எதிர்பாராமல் ஏழைகளுக்கோ பொது நலனுக்கோ கொடுத்துத் தன் பொறுப்பிலிருந்து நீங்க வேண்டும் என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) போன்றோர் வழிகாட்டியுள்ளனர். மூன்றாவது, பலர் நினைத்தும் பாராதது: தாம் அழைத்து வந்த நண்பர்கள். "இவரைச் சேர்த்துவிட்டால் இவ்வளவு ஊக்கத்தொகை" என்ற ஆசையில் எத்தனை பேர் தம் தோழர்களுக்கு இணைப்பை அனுப்பினார்கள்! வா, சூதாடுவோம் என்று தோழரை அழைத்தவர் தர்மம் கொடுக்கட்டும் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் கூறியதாக அபூஹுரைரா (ரலி) அவர்கள் வழியாக புகாரியிலும் முஸ்லிமிலும் வந்துள்ளது. அழைத்த சொல்லுக்கே பரிகாரம் வேண்டுமென்றால், அழைத்து வந்து அமர்த்தியதற்கு என்ன செய்வது? அந்தத் தோழரிடம் சென்று, நான் விட்டுவிட்டேன், நீயும் விட்டுவிடு என்று சொல்லட்டும். அதுவே முதற் பரிகாரம்.

வீட்டாரும் ஜமாஅத்தும்

இங்கு என் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2021இல் நீதிமன்றம் தடையை நீக்கியதற்குச் சில மாதங்களின் பின், வேறோர் இளைஞர் இதே போன்று வந்தார். அன்று பள்ளியில் நாலைந்து பேர் இருந்தார்கள். நான் குரலை உயர்த்தி அவரைக் கடிந்துகொண்டேன். ஹராமின் பாரதூரத்தை உணர்த்துவதாகவே எண்ணினேன். அடுத்த ஜும்ஆவுக்கு அவர் வரவில்லை. அதற்கடுத்ததற்கும் வரவில்லை. ஊரார் வாயில் அவர் பெயர் அடிபட்டது. சில மாதங்களில் அவர் ஊரை விட்டே போய்விட்டார். எங்கிருக்கிறார் என்பது அவர் தாயாருக்கும் தெரியவில்லை. பள்ளியை விட்டு அவரை விரட்டியது சூதன்று, என் நாக்கே என்ற எண்ணம் இன்றளவும் என்னை விட்டு நீங்கவில்லை.

மது அருந்திய ஒருவர் நாயகம் (ஸல்) அவர்களின் முன் கொண்டுவரப்பட்டுத் தண்டிக்கப்பட்டார். அங்கிருந்தோரில் ஒருவர் அவரைச் சபித்தபோது, உங்கள் சகோதரருக்கு எதிராக ஷைத்தானுக்கு உதவாதீர்கள் என்ற கருத்தில் அண்ணலார் தடுத்துவிட்டார்கள். இந்த ஹதீஸை நான் எத்தனையோ பயான்களில் சொல்லியிருக்கிறேன். அன்று ஏனோ நினைவுக்கு வரவில்லை.

ஆகவே பெற்றோர்களே, பிள்ளை தானாக வந்து சொல்லும் நாளில் உங்கள் முகத்தைச் சற்றுக் காத்துக்கொள்ளுங்கள். அவன் செய்ததைச் சரியென்று சொல்ல வேண்டியதில்லை. கணக்கை முழுதும் கேளுங்கள். அடிப்பதற்காக அன்று, அடைப்பதற்காக. மனைவிமார்களே, கணவர் ஒப்புக்கொண்டதை அக்கம்பக்கத்தாரிடம் கொண்டு செல்லாதீர்கள். அதே வேளையில், இருக்கும் கடைசி நகையையும் "இந்த ஒருமுறை மட்டும்" என்று கேட்டால் கொடுத்துவிடவும் வேண்டாம். மறுப்பதும் அன்புதான்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு சொல். அத்தவ்பா அத்தியாயத்தின் 60ஆம் வசனம் ஜகாத் பெறத் தகுதியுடையோர் எண்மரைக் குறிப்பிடுகிறது. அவர்களுள் கடனாளியும் ஒருவர். பாவத்தின் வழியில் கடன்பட்டவருக்குக் கொடுக்கலாமா என்ற வினாவை ஷாஃபிஈ மத்ஹபின் அறிஞர்கள் முன்னரே எழுப்பியிருக்கிறார்கள். அவர் தவ்பா செய்துவிட்டால் கொடுக்கலாம் என்பதே ஏற்கத்தக்க கூற்று. சூதாடியவனுக்கு ஏன் நம் ஜகாத் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். அந்த ஐயம் முற்றிலும் தவறானதன்று. பணம் அவர் கைக்குப் போனால் மேசைக்கே போய்விடக்கூடும். ஆகவே அவருடைய அனுமதியைப் பெற்றுக் கடன் கொடுத்தவரிடமே நேராகச் செலுத்துங்கள். உண்மையாக விட்டவர்தானா என்று சில மாதங்கள் கவனியுங்கள். பைத்துல்மாலில் இருந்து வட்டியில்லாக் கடனாக ஒரு பகுதியும், அவருடைய உழைப்பிலிருந்து ஒரு பகுதியுமாகத் தீர்க்க வழி செய்யுங்கள். கந்துவட்டிக்காரன் வாசலில் நிற்கும்போது நாம் ஒதுங்கி நின்றால், இழந்ததை மீட்க வா என்று அழைக்கும் அயல்நாட்டுத் தளம்தான் அவருக்குத் துணையாகத் தெரியும்.

சட்டம் தன்னாலானதைச் செய்திருக்கிறது. அது நிறுவனத்தை நிறுத்தலாம், விளம்பரத்தை நிறுத்தலாம், வங்கியைத் தடுக்கலாம். நள்ளிரவில் தனியே விழித்திருப்பவனின் விரலைப் பிடித்து நிறுத்த அதனால் ஆகாது. அவ்விடத்தில் இறையச்சம் வேண்டும். அதோடு, என்னை நம்பி விழித்திருக்கும் ஒரு வீடு இருக்கிறது என்ற நினைவும் வேண்டும்.

அன்றிரவு அந்த இளைஞரை நான் தனியே அனுப்பவில்லை. அவர் வீடு வரை உடன் நடந்தேன். வாசற்படியில் சற்றுத் தயங்கினார். "நான் உள்ளே வரட்டுமா?" என்று கேட்டேன். "வேண்டாம் ஹஜ்ரத், நானே வாப்பாவிடம் சொல்லிவிடுகிறேன்" என்றார். மறுநாள் ஃபஜ்ருக்குத் தந்தையும் மகனுமாக வந்து ஒரே ஸஃப்பில் நின்றார்கள். இருவர் கண்களும் சிவந்திருந்தன. கடன் இன்னும் தீரவில்லை; தீரும் நாள் தொலைவில்தான் இருக்கிறது. அவர் மறுபடியும் சறுக்க மாட்டார் என்று நான் உறுதி கூறவும் இயலாது. சறுக்கினால் மறுபடியும் அந்தத் தூணோரம் வந்து அமர அவருக்கு மனம் வர வேண்டும் என்பதே என் துஆ.

ஆடியவர்களுக்கு விட்டொழிக்கும் உறுதியையும், அவர்தம் வீட்டாருக்குப் பொறுமையையும், நம் ஜமாஅத்துகளுக்கு விரிந்த நெஞ்சையும், என் போன்றோருக்குக் காக்கப்பட்ட நாவையும் வல்ல ரஹ்மான் அருள்வானாக! ஆமீன்.